கோச் நாற்காலி காலி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தில், தலைமைக் கோச்சை மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மகன் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அக்டோபரிலேயே கோச்சை நீக்கிவிட்டார்கள். இன்னும் பாதிப் பருவம் பாக்கி. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

பொறுத்தால் நாட்காட்டி பொறுக்காது. பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளோடு கையெழுத்திடும் முன்கூட்டிய வாய்ப்பு 2017-இல் தொடங்கியபோது டிசம்பர் நடுவில் இருந்தது. 2024 முதல் அது டிசம்பரின் முதல் வாரத்துக்கு நகர்ந்துவிட்டது. வழக்கமான பருவம் முடிவதோ நவம்பர் கடைசியில். பருவம் முடிந்தபின் தேடத் தொடங்கினால், ஓராண்டாகப் பேசிப் பேசிச் சேர்த்த பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்து, வீரர்கள் அணி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும் திறந்தது. ஏப்ரலில் இருந்த இரண்டாவது வாய்ப்பை நீக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் விரும்பும் கோச்சின் இப்போதைய அணி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் கோச் லேன் கிஃபின் ஓல் மிஸ்ஸிலிருந்து (மிஸ்ஸிஸிப்பி பல்கலைக்கழகம்) எல்எஸ்யூவுக்கு (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனபோது, சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபில் தங்கள் அணியை அவர் நடத்த ஓல் மிஸ் அனுமதிக்கவில்லை. இந்த நாட்காட்டி வீரர்களுக்குச் செய்யும் அநியாயம் இது. கோச்சைக் குறை சொல்வதைவிட, தேதிகளை வகுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அலபாமா பல்கலைக்கழகக் கோச் நிக் சேபன் ஓய்வு அறிவித்த இரண்டே நாளில் புதியவர் வந்துவிட்டார். எப்படி முடிகிறது?

2024 ஜனவரி 10-இல் சேபன் விலகினார். 12-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோர் ஒப்புக்கொண்டார். நல்ல விளையாட்டுத் துறை இயக்குநர் ஒவ்வொருவரிடமும் நாற்காலி காலியாகும் முன்பே ஐந்தாறு பேர் கொண்ட பட்டியல் தயாராக இருக்கும். முதலில் பேசுவது கோச்சோடு அல்ல, அவருடைய ஏஜென்ட்டோடு. தேடல் நிறுவனம் ஒன்றை அமர்த்துவது பெரும்பாலும் ரகசியத்துக்காகவும் பின்னணி விசாரணைக்காகவும்தான். அரசுப் பல்கலைக்கழகங்களின் மின்னஞ்சல்களைத் தகவல் சட்டத்தின் கீழ் யாரும் கேட்டுப் பெறலாம் என்பதால், எழுத்தில் எதையும் வைக்க அவர்கள் தயங்குகிறார்கள். பேச்சு முடிந்ததும் சம்பளம், ஆண்டு, பைஅவுட் (ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் தர வேண்டிய தொகை) மட்டும் கொண்ட இரண்டு மூன்று பக்க முன்னொப்பந்தம் கையெழுத்தாகும். ஆட்சிக்குழு ஒப்புதலும் முழு ஒப்பந்தமும் பிறகு வரும், சில இடங்களில் மாதக்கணக்கில் தள்ளியும்.

ஓர் இடம் காலியானால் வரிசையாகப் பல இடம் காலியாகும். டிபோர் போன இடத்துக்கு அரிஸோனாவின் ஜெட் ஃபிஷ், அவர் இடத்துக்கு ஸான் ஹோஸே ஸ்டேட்டின் பிரென்ட் பிரெனன். உங்கள் பட்டியலின் முதல் பெயர் வேறு யாருடைய பட்டியலில் எத்தனையாவது என்றும் இயக்குநர் கணித்திருக்க வேண்டும்.

ஒருவரைத் தேர்ந்தெடுக்க வெற்றி தோல்விக் கணக்கு போதாதா?

போதாது. அதிகத் தவறு நடப்பதே இங்கேதான்.

பத்து வெற்றி என்றால், அவற்றில் எத்தனை 8 புள்ளி அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் வந்தவை என்று பாருங்கள். டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பதற்கு) 6, அதற்குப் பிந்தைய முயற்சியில் அதிகபட்சம் 2. ஆக 8 என்பது ஒரே வீச்சில் சமனாகும் தூரம். இப்படிப்பட்ட ஆட்டங்களில் ஓராண்டு ஆறுக்கு ஆறு வென்றவர் அடுத்த ஆண்டும் அப்படி வெல்வது அரிது. நழுவிய பந்து யார் கையில் விழும் என்பதும் கிட்டத்தட்ட நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுதான். அதனால் வந்த வெற்றியைக் கோச்சின் திறமையாக எண்ணக் கூடாது. அடுத்து, அவர் கைக்கு என்ன வந்தது? முன்னவர் சேர்த்த குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரை) வைத்து இரண்டாண்டு வென்றாரா, தானே சேர்த்தவர்களை வைத்து நான்காம் ஆண்டும் வென்றாரா? இரண்டும் ஒன்றல்ல.

ஆட்டமுறை பொருந்துகிறதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நெப்ராஸ்கா 2003-இல் 9–3 (9 வெற்றி, 3 தோல்வி) கணக்கு வைத்திருந்த ஃபிராங்க் சோலிச்சை நீக்கியது. வந்த பில் கேலஹன், பந்தோடு ஓடுவதற்கென்றே சேர்த்த வீரர்களை, பந்தைக் குறுகிய தூரம் எறியும் பாஸ் ஆட்டத்துக்குத் திருப்பினார். 2004-இல் 5–6, 1961-க்குப் பிறகு அந்த அணிக்கு முதல் தோல்விப் பருவம். மிச்சிகனில் 2008-இல் ரிச் ரோட்ரிகஸ் தன் ஓடும் குவாட்டர்பேக் முறையைக் கொண்டு வந்தார். நின்று எறியும் ரயன் மேலட் ஆர்கன்ஸாவுக்கு மாறிவிட்டார். முந்தைய ஆண்டு 9–4 ஆக இருந்த அணி 3–9 ஆனது. இரண்டு இடத்திலும் வந்தவர் கெட்ட கோச் அல்லர். கையில் இருந்த வீரர்கள் யார் என்று நியமித்தவர்கள் கேட்கவில்லை.

போர்ட்டல் வந்தபின் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது. கோச் தன் வீரர்களையே கூட்டி வரலாம். கர்ட் சிக்னெட்டி 2023 இறுதியில் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து இண்டியானாவுக்கு வந்தபோது பத்துக்கும் மேற்பட்ட பழைய வீரர்கள் கூடவே வந்தார்கள். 3–9 அணி அடுத்த ஆண்டு 11–2, அதற்கடுத்த பருவத்தில் தேசிய சாம்பியன். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகம் வீரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம்; முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். அதில் கால்பந்துக்கு எவ்வளவு, உதவிக் கோச்களின் சம்பளத்துக்கு எவ்வளவு என்று நேர்காணலின் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகம் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்துக்கு நல்ல கோச் வரமாட்டார். வந்தாலும் இரண்டாண்டில் கிளம்பிவிடுவார்.

நேர்காணலில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு முறையும் எப்படி ஆடுவது என்று நீங்களே சொல்வீர்களா? அப்படியானால் ஆட்டத்தின்போது டிஃபன்ஸை (தடுப்பு ஆட்டத்தை) யார் பார்ப்பார்? பத்து உதவிக் கோச்களில் வர ஒப்புக்கொண்டவர்கள் யார் யார்? முதல் மூன்று நாளில் எந்த வீரர்களை அழைத்துப் பேசுவீர்கள்? நான்காம் டவுனில் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியில்), இரண்டு கஜம் பாக்கி இருக்கும்போது, உதைப்பதா ஓடுவதா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “அந்த நேரத்து உணர்வு” என்று பதில் வந்தால் தயங்குங்கள்.

வேலையை விட்டு அனுப்பியவருக்கு ஏன் கோடிக்கணக்கில் பணம்?

ஒப்பந்தத்தில் உத்தரவாதம் தந்ததால்தான். ஆண்டுக்கு 50 லட்சம் டாலர், நான்கு ஆண்டு பாக்கி, 70 சதவீதம் உத்தரவாதம் என்றால் 1.4 கோடி டாலர் தந்தாக வேண்டும். கழிவு விதி இருந்தால், அவருக்கு அடுத்த வேலையில் ஆண்டுக்கு 20 லட்சம் வீதம் கிடைக்கும் 80 லட்சம் போக, மீதி 60 லட்சம் மட்டும். புதிய இடத்தில் முதல் ஆண்டுகளில் குறைவாகவும் பிறகு அதிகமாகவும் வாங்கிக்கொள்ளும் தந்திரத்தைத் தடுக்கும் விதியும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 2023-இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டது. அவர் ஒப்பந்தத்தில் கழிவே இல்லை. பென் ஸ்டேட் 2025-இல் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது தொகை சுமார் 4.9 கோடி, அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தபின் 90 லட்சத்தில் முடிந்தது. கோச் தானாகப் போனால் அவர் தரப்பு தரும் தொகை தனி.

இடைக்காலக் கோச்சையே நிரந்தரமாக்கலாமா?

நான்கு வெற்றியில் மயங்கி ஆக்கக் கூடாது. கிளெம்ஸன் 2008-இல் டாபோ ஸ்வின்னியை அப்படி எடுத்து, 2016, 2018 பருவங்களில் சாம்பியன் ஆனது. எல்எஸ்யூவின் எட் ஓர்ஜரான் 2019-இல் சாம்பியன்; 2021-இல் வெளியே. உதவிக் கோச்களை யார் தேர்ந்தெடுப்பார் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பின்னணி விசாரணையில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் படிப்புச் சான்று. 2001-இல் நோட்ர டேம் நியமித்த ஜார்ஜ் ஓலியரி, தான் பெறாத முதுகலைப் பட்டத்தைப் பயோடேட்டாவில் எழுதியிருந்ததால் ஐந்தே நாளில் விலகினார். பிறகு நீதிமன்றப் பதிவுகள், என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு) விதிமீறல்கள், பழைய அணியின் தேர்ச்சி விகிதம். பெயர் கசிந்தபின் விசாரிப்பதில் பயனில்லை.

மகன் அந்த அணியில் ஆடுகிறான். கோச் மாறினால் அவனும் மாற வேண்டுமா?

அவசரம் வேண்டாம். புதியவர் அறிவிக்கப்பட்ட ஐந்து நாள் கழித்து, அந்த அணி வீரர்களுக்கென 15 நாள் தனி வாய்ப்பு திறக்கும். அதற்குள் அவனுடைய பொசிஷன் கோச் (அவன் ஆடும் இடத்துக்கான உதவிக் கோச்) யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். போர்ட்டலில் பெயர் கொடுத்தால் நடப்புக் கல்விப் பருவத்துக்குப் (செமஸ்டர்) பின் உதவித்தொகையை நிறுத்தப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. கிரெடிட் கணக்கையும் பாருங்கள்: மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தின் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80 முடித்திருக்க வேண்டும். புதிய பல்கலைக்கழகம் பாடங்களை ஏற்றாலும், அந்தப் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆடும் தகுதி போய்விடும். கையெழுத்திடும் முன் அங்குள்ள பதிவாளர் அலுவலகத்திடம் பாடவாரியாக எழுத்தில் வாங்குங்கள்.