கேள்வி பதில்: றிமோட் மெசினுக்கு இழுவைச் சிலெட் செய்வது எப்படி?

செங்கலடியில் சின்ன லேத் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பகலில் உழவு மெசின்களின் தேய்ந்த புஷ், உடைந்த பின் என்று வேலை. இரவில் அதே மெசின்களின் பதினாறில் ஒரு பங்கு அளவு றிமோட் பொம்மைகளுக்கு இழுவைச் சிலெட், அதாவது மெசின்களின் பலத்தை அளக்க அவை இழுத்துப் போகும் பாரவண்டி. இதுவரை மூன்று செய்திருக்கிறேன், இரண்டு உருப்படியானவை. பெரும்போக வெட்டு முடிந்த வயலில் பொடியன்களும் நாங்களும் விட்ட இழுவைப் போட்டியைப் பார்த்துப் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

கொக்கட்டிச்சோலை மாணவர்: மாமா, மெசினுக்குப் பின்னால் கொழுவும் பெட்டியில் செங்கல்லை ஏற்றி இழுக்கவிட்டால் போதாதா? சிலெட் எதற்கு?

மருமகன், செங்கல் ஏற்றிய பெட்டியை மெசின் அசைத்துவிட்டால் கடைசிவரை இழுத்துவிடும். அசைக்க முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு மெசினில் எது பலசாலி என்று அதில் தெரியாது. போகப் போக இழுவை கூட வேண்டும், எங்கே மூச்சு நின்றது என்று அளக்க வேண்டும். அதற்குத்தான் சிலெட்.

உங்கள் அப்பப்பாவிடம் கேட்டுப் பார். வயலில் மாட்டைக் கட்டிப் பலகை அடிக்கும்போது, பாரம் போதாது என்று ஒரு சின்னப் பிள்ளையைப் பலகையில் ஏற்றி நிறுத்துவார்கள். அமெரிக்காவில் இந்த விளையாட்டு தொடங்கியதும் அப்படித்தான். முதலில் குதிரைகள் இழுத்தன. 1929இல் மிசூரி, ஒகையோ மாநிலங்களில் ட்ரக்டர்கள் இழுக்கத் தொடங்கின. அந்தக் காலத்துச் சிலெட் வெறும் சறுக்குப் பலகை. பாதையோரம் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், பலகை கடந்து போகப் போக ஒவ்வொருவராக ஏறிக்கொள்வார்கள். ஓடுகிற பலகையில் ஏறுவது ஆபத்து. ஆளுக்கு ஆள் நிறையும் வேறு. பிறகுதான் பாரப்பெட்டி தானாக முன்னால் நகரும் சிலெட் வந்தது. பின்னால் சக்கரம், முன்னால் நிலத்தில் உரசும் இரும்புத் தட்டு. பெட்டி சக்கரத்துக்கு மேல் இருக்கும்வரை சிலெட் லேசாக உருளும். பெட்டி முன்னால் வர வர பாரம் தட்டில் இறங்கி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அக்கரைப்பற்று: பதினாறில் ஒன்று அளவுக்கு நீளம், நிறை எவ்வளவு வைக்கலாம்?

நிஜப் போட்டிப் பாதை 100 மீற்றர். பதினாறால் பிரித்தால் 6 மீற்றர் 25. வீட்டு முற்றத்தில் அடங்கும்.

நிறையை மட்டும் பதினாறால் பிரித்துவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 16ஐ மூன்று தடவை பெருக்கி, 4096ஆல் பிரிக்க வேண்டும். ஒன்றரைத் தொன் மெசின் 400 கிராமுக்கும் குறைவாக வரும்! நம் பொம்மை மெசினோ பற்றறி, ஈயம் எல்லாம் சேர்த்து இரண்டரைக் கிலோ. ஆகவே அளவுத்திட்டத்தை உருவத்துக்கு வைத்துக்கொண்டு, நிறையை இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் செய்தது இப்படி. தட்டின் நடுவிலிருந்து பின் அச்சு வரை 60 சென்ரிமீற்றர். பெட்டியில் 4 கிலோ. தொடங்கும்போது பெட்டி அச்சுக்கு 5 சென்ரிமீற்றர் முன்னால். அப்போது பெட்டிப் பாரத்தில் தட்டுக்குப் போவது ஏறத்தாழ 330 கிராம். 45 சென்ரிமீற்றர் நகர்ந்து முடிந்தால் தட்டில் 3 கிலோ 330. பத்து மடங்கு. சட்டத்தின் சொந்தப் பாரம் இதற்கு மேலே, அது மாறாது.

இது போதுமா என்று பார்க்க மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று எடுங்கள். தட்டில் 2 கிலோ வைத்து, தராசால் கொழுவி மெதுவாக இழுங்கள். எங்கள் களிமண் பாதையில் 1 கிலோ அளவு காட்டும். இனி மெசினை அதே தராசில் கட்டி முழு வேகம் கொடுங்கள். ரயர் சுழலும் கணத்தில் எவ்வளவு காட்டுகிறது? என்னுடையது 2 கிலோவைத் தொடும். அதாவது நல்ல மெசின் கடைசி ஒரு மீற்றரில் திணற வேண்டும். பாதியிலேயே எல்லாரும் நின்றால் பாரத்தைக் குறையுங்கள். எல்லாரும் முழுதாக இழுத்தால் கூட்டுங்கள்.

களுவாஞ்சிகுடி: பெட்டியை முன்னால் நகர்த்த தனி மோட்டார் வேண்டுமா? திருகுக் கம்பி போட்டுப் பார்த்தேன், அசைவதே தெரியவில்லை.

தம்பி, திருகுக் கம்பியில் நானும் ஒரு மாதம் வீணாக்கினேன். 8 மில்லிமீற்றர்க் கம்பி ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மில்லிமீற்றர்தான் நகர்த்தும். 45 சென்ரிமீற்றருக்கு 360 சுற்று. சிலெட்டின் சக்கரமோ பாதை முழுக்க 25 தடவைதான் சுற்றும். இடையில் பற்சக்கரம் அடுக்கினால் உரசலிலேயே எல்லாம் நின்றுவிடும்.

மோட்டாரும் வேண்டாம், பல்லும் வேண்டாம். பின் அச்சிலேயே தங்கூசியை, அதுதான் மீன்பிடிக்கும் நைலோன் நரம்பை, சுற்றவிடுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் கட்டிய தங்கூசி முன்னால் போய், ஒரு சின்னக் கப்பியைச் சுற்றி, அடியால் திரும்பி வந்து அச்சில் முடிகிறது. சிலெட் போகும்போது சக்கரமும் அச்சும் ஒன்றாகச் சுற்றும், அச்சு தங்கூசியைச் சுருட்டும், பெட்டி முன்னால் வரும். அவ்வளவுதான். சக்கரம் அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கணக்கு: சக்கரத்தில் சைக்கிள் ரியூப் சுற்றிய பிறகு விட்டம் 8 சென்ரிமீற்றர், ஒரு சுற்றுக்கு 25 சென்ரிமீற்றர் ஓடும். 6 மீற்றர் 25க்கு ஏறக்குறைய 25 சுற்று. 45 சென்ரிமீற்றரை 25ஆல் பிரித்தால் சுற்றுக்கு 18 மில்லிமீற்றர் சுருள வேண்டும். அதற்கு விட்டம் 5.7 மில்லிமீற்றர்.

இதில்தான் நான் சறுக்கினேன். முதல் சிலெட்டில் 6 மில்லிமீற்றர்க் கம்பியை அச்சாகப் போட்டேன். கணக்குப்படி 6 மீற்றரில் வர வேண்டிய பெட்டி, 5 மீற்றர் 40இலேயே வந்து டொக்கென்று முட்டியது. மூன்று நாள் அளவு ரேப்பும் கையுமாகத் திரிந்தேன். மனைவி பூ கட்டிக்கொண்டிருந்தவள், நூல்கண்டைத் தூக்கிக் காட்டி, “சுத்தச் சுத்த இது தடிக்குதுதானே” என்றாள். தங்கூசியின் தடிப்பு! 0.7 மில்லிமீற்றர்த் தங்கூசி சுற்றினால் 6 அல்ல, 6.7. மறுகா 5 மில்லிமீற்றர்க் கம்பிக்கு மாற்றினேன், தங்கூசியோடு 5.7. பெட்டி இப்போது 6 மீற்றர் 30இல் முன்னுக்கு வருகிறது. அந்தக் கம்பி ஒரு பழைய பிரின்டரின் வயிற்றிலிருந்து எடுத்தது. துருப்பிடிக்காது, வழுவழுப்பு.

இன்னொன்று. தங்கூசி ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் விட்டம் கூடி, கணக்குப் பிழைக்கும். 25 சுற்றுப் பக்கம் பக்கமாகப் படுக்க 17, 18 மில்லிமீற்றர் போதும். இரண்டு வாஷரை 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் இறுக்கி, நடுவில் சுற்றவிடுங்கள். பெட்டிக்கு அடியில் 608 பெயாரிங் நான்கு பூட்டி, அலுமினிய அங்கிளில் ஓடவிட்டால் விரலால் தள்ளினாலே போகும். திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவர, பின்பக்கத்தைத் தூக்கிப் பெட்டியைப் பின்னால் இழுங்கள். சக்கரம் மறுபக்கம் சுற்றித் தங்கூசியைக் கழற்றிக் கொடுக்கும்.

சம்மாந்துறை: பெட்டி முன்னால் முட்டிய பிறகும் மெசின் இழுத்தால் தங்கூசி அறுகிறது. என்ன செய்யலாம்?

காக்கா, தங்கூசியைப் பெட்டியில் முடிச்சுப் போடாமல் ஒரு சின்ன வட்டக் காந்தத்தில் கட்டுங்கள். பெட்டியில் ஓர் இரும்பு வாஷர். ஓடும்போது காந்தம் பிடித்திருக்கும். முட்டியதும் ‘டிக்’கென்று விட்டுவிடும். பெட்டி ஓடும் அங்கிள் தண்டவாளம் மட்டமாக இருந்தால்தான் இது சரிவரும். சரிவாக வைத்தால் காந்தம் விட்டதும் பெட்டி பின்னால் உருண்டுவிடும்.

கல்லடி: கடற்கரை மணலில் வைக்கலாமா?

வேண்டாம். தட்டு மணலை உழுதுகொண்டு போகும், இரண்டு மீற்றரில் எல்லாரும் நிற்பார்கள். படுவான்கரைக் களிமண்ணை உடைத்து, அரித்து, கொஞ்சம் ஈரத்தோடு தட்டி இறுக்குங்கள். தட்டின் முன் விளிம்பைத் தோணி அணியம்போல மேலே வளைத்துவிடுங்கள். தகரம் போடாதீர்கள், நெளியும். 2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு நல்லது.

ஏறாவூரிலிருந்து ஒரு தாய்: மகன் வலை ஈயத்தை உருக்கிப் பாரம் வார்க்கப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.

தங்கச்சி, உங்கள் பயம் சரி. வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கவே கூடாது. அதன் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு; ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே உருகிய ஈயம் தெறிக்கும். ஈயமே தேவையில்லை. சிலெட்டின் பாரப்பெட்டி ஒரு லீற்றர் அளவுதான். அதில் மணல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோதான் வரும், ஆனால் கராஜ்களில் எறிகிற பழைய போல்ட் நட்டு நிரப்பினால் 4 கிலோ வந்துவிடும். மகனை என் பட்டறைக்கு அனுப்புங்கள், ஒரு வாளி நிறையக் கிடக்கிறது.

நாவிதன்வெளி: இழுக்கத் தொடங்கியதும் மெசின் முன் சக்கரத்தைத் தூக்குகிறது, பார்க்க வடிவுதான், ஆனால் திரும்பவில்லை.

கொழுவியின், அதாவது மெசினில் சிலெட்டை மாட்டும் கொக்கியின், உயரத்தைப் பாருங்கள். இழுவை ஒன்றரைக் கிலோ, கொழுவி நிலத்திலிருந்து 5 சென்ரிமீற்றர், முன்பின் அச்சுக்கு இடை 15 சென்ரிமீற்றர் என்றால் முன்னால் அரைக் கிலோ குறையும். கொழுவியை 8க்கு ஏற்றினால் 800 கிராம் குறையும். முன் அச்சில் இருக்கும் பாரமே அவ்வளவுதான் என்றால் மூக்கு தூக்காமல் என்ன செய்யும்? அதற்காக அடியோடு தாழ்த்திவிடவும் கூடாது. பின் ரயருக்கு அந்தப் பாரம் வேண்டும். முன் சக்கரம் நிலத்தை முத்தமிட்டபடி போனால் அதுதான் சரியான இடம்.

பொம்மையை விடுங்கள், இதை நிஜ வயலில் நினைவில் வையுங்கள். சேற்றில் புதைந்த மெசின் பெட்டியை இழுக்கச் சங்கிலியை மெசினின் பின்னால் உள்ள மேல் கையில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழ்க் கொழுவியில் மட்டும்தான் கட்ட வேண்டும். மேலே கட்டினால் மெசின் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டியின் மேலேயே விழும்.

வாழைச்சேனை: மோட்டார் கருகிய மணம்.

வேகமான மோட்டார் போட்டிருப்பீர்கள். உள்ளே கம்பிச் சுற்று எண்ணிக்கை கூடிய மோட்டார், 35 சுற்றோ மேலோ, மெதுவாக ஓடும், இழுவைக்கு நல்லது. மெசின் நின்றதும் உடனே விசையை விடுங்கள். சுழலாத மோட்டாரில் போகிற மின்சாரம் முழுதும் சூடுதான். லிப்போ பற்றறியை ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடவும் வேண்டாம்.

திருக்கோவில்: எங்கள் ஊரில் முடிவு சொன்னால் சண்டை. ‘காலையில் பாதை லேசு, மத்தியானம் கடினம்’ என்கிறார்கள். எப்படித் தீர்ப்பது?

அவர்கள் சொல்வது உண்மை. கச்சான் காற்று அடித்தால் இரண்டு மணித்தியாலத்தில் களிமண்ணின் தன்மையே மாறிவிடும். அதனால் நாங்கள் போட்டியில் சேராத மெசின் ஒன்றை வைத்திருக்கிறோம். பற்றறி முழுச் சார்ஜில் முதல் இழுவையும் அது, கடைசி இழுவையும் அது. இரண்டுக்கும் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் போட்டி செல்லாது. சிலெட் யாருக்கும் சொந்தக்காரன் ஆகக் கூடாது. முதலில் வந்தவனுக்கும் பத்தாவதாய் வந்தவனுக்கும் அது ஒரே சிலெட்டாக இருக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன தடவை 31 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தது. பாதைக்குத் தண்ணீர் தெளித்தது நீ, நான் என்று வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. ரேப் பிடித்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளை ஒன்று குனிந்து, “மாமா, தட்டுக்குக் கீழ பாருங்க” என்றது. வைக்கோல் துண்டோடு ஒரு விரல் தடிப்புக் களி ஒட்டியிருந்தது. கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, எட்டு மெசினையும் மறுகா முதலிலிருந்து இழுக்கவிட்டோம். கடைசி இழுவையை மோட்டார் சைக்கிள் லைற் வெளிச்சத்தில்தான் அளந்தோம்.