'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அது தமிழிலிருந்து போனதா?

ஆமாம், தமிழிலிருந்து போனதுதான். செய்தியில் 'பரையா ஸ்டேட்' என்று படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மற்ற நாடுகள் சேர்ந்து ஒதுக்கிவைத்த நாட்டை அப்படி எழுதுகிறார்கள்; வட கொரியாவைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம். ஒரு ஆளைச் சொன்னால், எல்லோராலும் விலக்கப்பட்டவர் என்று பொருள்.

ஆனால் அது முதலில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். பறையர் என்பதைத்தான் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஐரோப்பியர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டார்கள். அப்போது அது ஒரு சாதியை மட்டுமே குறித்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் ஊரையும் மக்களையும் விட்டுவிட்டு, உலகத்தில் யாரை ஒதுக்கினாலும் அவருக்கு வைக்கிற பெயராக மாறியது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். நம் ஊர்த் தெருநாய்க்கு ஆங்கிலத்தில் 'பரையா டாக்' என்று இன்னமும் எழுதுகிறார்கள்.

நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். என் தாத்தா பறை அடித்தவர். பறை என்றால் தோல்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அந்தச் சொல்தான். எல்லாப் பறையரும் பறை அடித்தவர்கள் இல்லை, பெரும்பாலானவர்கள் வயலில் உழைத்தவர்கள். பறையிலிருந்து பெயர் வந்தது என்பதை ஏற்காதவர்களும் உண்டு, அவர்களோடு இங்கே சண்டை போட வரவில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறார். அதில் இழிவின் சாயல் ஒரு துளிகூட இல்லை.

நான் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு வருடம் கண்காட்சிக்காக, ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று பிள்ளைகளை சார்ட் எழுதச் சொன்னேன். கட்டுமரம், மிளகுத்தண்ணி, சுருட்டு எல்லாம் வந்தன. 'பரையா'வையும் நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எங்கள் தெருப் பிள்ளைதான், பக்கத்தில் ஒரு பறையையும் வரைந்து ரொம்ப அழகாக எழுதியிருந்தாள். கண்காட்சி நாளில் என்னை வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த சார்ட் மட்டும் சுவரில் இல்லை. கேட்டதற்கு, "எதுக்கு சார் வம்பு, பெற்றோர் வர்ற இடம்" என்றார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, "சார், நான் எதாவது தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டாள். "இல்லம்மா, எழுத்துப்பிழைகூட இல்ல" என்றேன். வேறென்ன சொல்வது?

எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறாய் என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஐயா, சொல்லுக்குள் சாதியை வைத்தது நான் இல்லை. அகராதியைத் திறந்தால் அங்கேயே இருக்கிறது. தமிழின் பெருமை என்று கட்டுமரத்தை ஊர் முழுக்கச் சொல்கிறவர்கள், இதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இதுவும் தமிழ் கொடுத்த சொல்தானே? ஒரு கூட்டத்தின் பெயரே ஒதுக்கப்படுவதற்குப் பொருளாகிப் போனது என்றால், இங்கே அவர்களை எப்படி நடத்துவதைப் பார்த்து வெள்ளைக்காரன் அந்தப் பொருளைக் கற்றுக்கொண்டான்?

எங்கள் ஆட்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தான் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லித் தாழ்த்தினார்களோ அதையே தலைப்பில் போட்டு விற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். அவர் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு, பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. ஆங்கிலச் சொல்லை அந்த ஆணை தொடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வில் கேட்டால், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளையும், தமிழ் மூலத்தையும் எழுதுங்கள்; இரண்டும் சரியான விடை. தமிழில் மொழிபெயர்த்தால் 'தீண்டத்தகாத நாடு' என்று தயவுசெய்து எழுதாதீர்கள், 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' போதும். ஆங்கிலத்தில் நீங்களாக எழுதும் கட்டுரையிலும் 'ஐசோலேட்டட் ஸ்டேட்' என்று போட்டால் சொல்ல வந்தது யாருக்கும் புரியாமல் போகாது.