கேள்வி - பதில்: ரவுடி வீடியோவும் காலிப் பக்கமும்

கேள்வி: யூடியூபைத் திறந்தாலே வடசென்னை என்ற பெயரில் கத்தி, கஞ்சா, ரவுடி வரலாறு என்று இதுவே வருகிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் ராத்திரி ஒரு மணி வரை பார்த்துவிட்டு எரிச்சலோடு படுக்கிறேன். அல்காரிதம் என்னை அடிமையாக்கிவிட்டது. போனை விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கிவிடலாமா? பத்தாவது படிக்கும் மகனை வேறு எப்படித் தடுப்பது?
- ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: வாங்காதீர்கள். சிலிண்டர்காரர் ஓடிபி கேட்பார், பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வரும், மீன் கடையில் சில்லறை இருக்காது. ஒரே வாரத்தில் மறுபடி போன் கடையில் நிற்பீர்கள், அதுவும் கடன் வாங்கிக்கொண்டு.

அடிமை, கிடிமை என்ற பெரிய வார்த்தைகளையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். அந்த வீடியோக்களைக் கூட்டி வந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. எம்.சி. ரோடு புடவைக் கடையில் உங்கள் கண் எந்தப் புடவையில் ஒரு நொடி நிற்கிறதோ, அதே ஜாடையில் இன்னும் இருபதை எடுத்து விரிப்பார் கடைப் பையன். யூடியூபின் அல்காரிதமும், அதாவது யாருக்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்யும் கணக்கும், அதையேதான் செய்கிறது. ஆனால் நீங்கள் முகம் சுளித்தால் பையன் நிறுத்திக்கொள்வான். இதற்கு அந்த இங்கிதம் கிடையாது. 'எங்க ஏரியாவை இப்படியாடா காட்டுவீங்க' என்று பல்லைக் கடித்துக்கொண்டே முழு வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். கீழே நாலு வரி திட்டியும் எழுதியிருப்பீர்கள். திட்டிக்கொண்டே பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான். கணக்கில் அது ஆதரவாகத்தான் ஏறும்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் முதலிடம் கொடுத்தது 2012-ல். அதன்பின் வேறு பல கணக்குகளும் சேர்ந்தன, ஆனால் உட்கார வைப்பதே தொழில் என்பது மாறவில்லை. மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரையால் வருவது என்று 2018 தொடக்கத்தில் சொன்னவர் நீல் மோகன், இப்போது அந்த நிறுவனத்தின் தலைவர். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். நம் ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்களோ என்று பயந்தோ என்னவோ, ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் குட்டி வீடியோவான ஷார்ட்ஸை முதன்முதலாக இறக்கிச் சோதித்ததே இந்தியாவில்தான்.

உங்கள் தூக்கம் கெட்டதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துப்போய், மீனவர்களே இறங்கி மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை அள்ளினார்கள். அது எத்தனை நாள் உங்கள் திரையில் வந்தது? இருபது வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு வெட்டுக்குத்து மட்டும் சிவப்பு எழுத்தோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் எண்ணூரைப் பற்றித் தெரியாமல், நம்மைப் பற்றி எவனோ கட்டிய கதையை நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

'பத்திரிகைக்காரர்கள் மட்டும் யோக்கியமா, நீங்களும் எதைப் போடலாம் எதை விடலாம் என்று முடிவு பண்ணுகிறவர்கள்தானே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் என் பக்கம் உங்களுக்கும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்றே. படிப்பகத்தில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து, 'நடுத்தாளை முடிச்சிட்டு இப்படிக் குடுப்பா' என்று கைமாற்றிப் படித்த ஏரியா இது. போட்டது தப்பு என்றால் அங்கேயே சண்டை நடக்கும், எடிட்டருக்குக் கார்டு போகும். உங்கள் போனில் வரும் வரிசை உங்கள் ஒருவருக்கென்று போட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவீர்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யூடியூப் செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரி இருக்கும். அதுவரை பார்த்ததை எல்லாம் அழித்துவிட்டு, ஹிஸ்டரியையும் அணைத்துவிடுங்கள். அணைப்பது மட்டும் போதாது, அழிக்கவும் வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல், ஹிஸ்டரி இல்லாதவருக்கு முகப்புப் பக்கத்தில் பரிந்துரை எதுவும் காட்டுவதில்லை. ஹிஸ்டரி அணைந்திருக்கிறது என்று ஒரு அறிவிப்பு, மேலே தேடும் இடம், அவ்வளவுதான். அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்ததும் கட்டைவிரல் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் முழிக்கும். முழிக்கட்டும். எதற்காகத் திறந்தோம் என்று அப்போதுதான் யோசிப்பீர்கள். பாதி நேரம் பதில் இருக்காது, மூடிவிட்டுப் படுத்துவிடுவீர்கள்.

பதில் இருந்தால் தட்டச்சு செய்யுங்கள். முதலில் 'காசிமா கேரம்' என்று தேடிப் பாருங்களேன். உங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்தார். ரவுடி வீடியோ வந்த அளவுக்கு அது உங்களுக்கு வந்திருக்காது. பிடித்த சேனலை சப்ஸ்கிரைப் செய்துகொண்டு, அந்தப் பட்டியலில் மட்டும் பாருங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டும் ஆட்டோபிளேயையும், மணி அடிக்கும் நோட்டிபிகேஷன்களையும் கையோடு நிறுத்திவிடுங்கள்.

'எனக்கு இதில் விருப்பமில்லை' என்ற பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை. ஃபயர்பாக்ஸ் பிரவுசர்காரர்களான மோசில்லா அமைப்பு 2022-ல் ஆராய்ந்து, அதை அமுக்கியும் அதே மாதிரி வீடியோக்கள் வருவது பெரிதாகக் குறையவில்லை என்று சொல்லிவிட்டது. 'இந்த சேனலைப் பரிந்துரைக்காதே' என்பது கொஞ்சம் பரவாயில்லை.

இன்ஸ்டாகிராம் இன்னும் கில்லாடி. நீங்கள் பின்தொடர்பவர்களை மட்டும் தேதி வரிசையில் காட்டும் வசதியை 2022 மார்ச்சில் கொடுத்தார்கள். ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள விடவில்லை. பரிந்துரைப் பதிவுகளையும் 30 நாளைக்குத்தான் தூங்க வைக்கலாம், அப்புறம் எழுந்து வந்துவிடும். காலண்டரில் குறித்துவைத்து மறுபடி தூங்க வையுங்கள், வேறு வழியில்லை.

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஆளை வேவு பார்த்து அடுக்காத ஒரு வரிசையைப் பெரிய நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும், சட்டத்தை மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். நமக்கு அது இல்லை, கேட்டால்தானே கிடைக்கும்? 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தபோது சொன்ன குறைகளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் ஒன்று. நிமிடத்துக்குக் கணக்குக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ராத்திரி ஒரு மணி வரை இலவசமாக உட்கார்ந்திருக்கிறோம்.

மகன் விஷயம். போனைப் பிடுங்காதீர்கள், அடுத்த தெரு நண்பனின் போனில் பார்ப்பான். மேலே சொன்னதை எல்லாம் முதலில் உங்கள் போனில் செய்யுங்கள், அவன் எதிரிலேயே. செட்டிங்ஸில் வழி தெரியாமல் நீங்கள் தடவிக்கொண்டிருந்தால், 'குடுப்பா' என்று வாங்கி அவனே அரை நிமிடத்தில் முடித்துக் கொடுப்பான்.