குறைமாதக் குழந்தையின் தொப்புட்குழாயைத் தோல் உரியாமல் நிலைநிறுத்துவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சி பெறும் நீங்கள், தொப்புட்குழாயை (தொப்புள் வழியே இரத்தநாளத்தினுள் செலுத்தும் மெல்லிய குழாயை) இறுக்கி ஒட்டினால் தோல் உரிகிறது, தளர்த்தினால் குழாய் நழுவுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கர்ப்பத்தின் 28ஆம் வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் தோலில் காப்பளிக்கும் வெளி அடுக்கு மிக மெல்லியது; மேற்றோலை அடித்தோலோடு பிணைக்கும் இழைகளும் குறைவு என்பதால், பிளாஸ்ரரின் பிடி அந்தப் பிணைப்பை மிஞ்சி, கழற்றும்போது மேற்றோலையே உரித்தெடுத்துவிடுகிறது. ஆகவே குழாயின் பாரத்தைத் தோலின்மீது அன்றி, தொப்புட்கொடியின் எஞ்சிய தண்டின்மீதே ஏற்ற வேண்டும். மருத்துவர் அத்தண்டைச் சுற்றிப் பட்டுநூலால் சுருக்குத் தையலிட்டு, அதே நூலைக் குழாயில் சுற்றி முடிச்சிடுவார். ஊசி தோலில் ஏறவே கூடாது. அதன்பின் வயிற்றின் இருபுறமும் ஐதரோகொலொயிட் (தோலைக் காக்கும், ஜெல் தன்மையுள்ள ஒட்டுப்பட்டை) துண்டுகளை முதலில் ஒட்டி, அவற்றின் மீது மட்டும் பதியுமாறு பிளாஸ்ரரைப் பாலம்போல் அமைத்துக் குழாயைப் பிடிக்கச் செய்யுங்கள். தொப்புளை மூடாதீர்கள், இரத்தக்கசிவு உடனே கண்ணில் பட வேண்டும். இன்குபேற்றரின் ஈரப்பதனில் ஒட்டு தளரக்கூடும் என்பதால், குழாயிலுள்ள சென்றிமீற்றர் அடையாளத்தைக் கடமை மாறும்போதெல்லாம் பார்த்துப் பதியுங்கள்.

பிடி கூடட்டுமென்று பென்சொயின் என்ற பிசின் கரைசலைப் பூசுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன், ஏனெனில் அதன் விலையைக் குழந்தையின் தோலே கொடுக்கிறது. ஐதரோகொலொயிட்டும் வலுவாகவே ஒட்டும்; எனவே கழற்றும் வேளையில் வெதுநீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, தோலை விரலால் அணைத்தபடி, தாழ்வான கோணத்தில் மெல்ல மெல்ல விலக்குங்கள்.