அட்டவணையில் 0 இல்லை, ஆனால் வெட்டுத்துண்டு உண்டு

கேள்வி: குடியாத்தத்தில் என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று சார்புகளைக் கொடுத்து, எதன் எக்ஸ் வெட்டுத்துண்டு (வரைபடம் எக்ஸ் அச்சைச் சந்திக்கும் இடம்) பெரியது என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். முதலாவது ஒய் = எக்ஸ்² − 7எக்ஸ் + 10. இரண்டாவது ஒரு நேர்க்கோட்டின் அட்டவணை: எக்ஸ் 1, 3, 5, 7 எனில் ஒய் 10, 6, 2, −2. மூன்றாவது வரைபடம், எக்ஸ் அச்சை 4-இல் தொட்டு மேலே திரும்பும் பரவளையம். இவள் 10, 'இல்லை', 4 என்று எழுதி, 10தான் பெரியது என்றாள். எங்கே தப்பு?

பதில்: மூன்றாவது சரி. தொட்டுத் திரும்பினாலும் வெட்டுத்துண்டுதான்.

முதலாவதில் எக்ஸுக்கு 0 போட்டிருக்கிறாள். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் கை அப்படித்தான் போகும். அதில் கிடைப்பது ஒய் வெட்டுத்துண்டு. எக்ஸ் அச்சின் மேல் உயரம் கிடையாது, அதனால் ஒய்யைத்தான் 0 ஆக்க வேண்டும். காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 2)(எக்ஸ் − 5) = 0; விடை 2, 5.

அட்டவணையில் 0 கண்ணில் படவில்லை, அதனால் 'இல்லை' என்றுவிட்டாள். குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். 5-இல் 2, 7-இல் −2; கோடு அச்சுக்கு மேலிருந்து கீழே போயிருக்கிறது. காட்பாடியில் பஸ் ஏறி வேலூர் கோட்டை வாசலில் இறங்கியவர், வழியில் தூங்கியிருந்தாலும் பாலாற்றைத் தாண்டித்தான் வந்திருப்பார். நேர்க்கோடு என்பதால் சரிபாதியில், 6-இல் வெட்டும். வளைகோடு என்றால் 5-க்கும் 7-க்கும் இடையில் எங்கோ என்று மட்டுமே சொல்லலாம். அதுவும் கோடு அறுபடாமல் இருந்தால்தான்; ஒய் = 1/எக்ஸ் குறி மாறும், அச்சைத் தொடவே தொடாது.

ஆக, பெரியது அட்டவணையின் 6. 'எதற்கு அதிக வெட்டுத்துண்டுகள்' என்று கேட்டிருந்தால் முதலாவது. கேள்வியை இரண்டு தடவை படிக்க வேண்டிய இடம் இது. அப்புறம், 0 வேறு, 'இல்லை' வேறு. 0 என்றால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. 2-இன் அடுக்காக எக்ஸ் வரும் சார்பு அச்சை நெருங்கும், வெட்டாது, அதற்குத்தான் 'இல்லை'.

ஒப்பிட்டு என்ன பயன் என்று மகள் கேட்டால் ஆம்பூர் பிரியாணியைச் சொல்லுங்கள். ஒரு கடைக்குத் தினச்செலவு 3000 ரூபாய், பிளேட்டுக்கு 50 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். பக்கத்துக் கடைக்குச் செலவு 2000, மிஞ்சுவது 40. லாபக் கோடு அச்சை வெட்டும் இடம் முதல் கடைக்கு 60 பிளேட், அடுத்ததற்கு 50. பக்கத்துக் கடை முதலில் நஷ்டத்திலிருந்து தப்பிக்கும். ஆனால் அதற்காக அதுதான் நல்ல கடை என்று எழுதிவிடக் கூடாது. 100 பிளேட் போனால் இரண்டுக்கும் லாபம் 2000. அதற்கு மேல் முதல் கடை முந்திவிடும்.