முன்னிலையில் இருப்பவர் பிட் ஸ்டாப்பைத் தவிர்த்தும் தோற்பது ஏன்?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் முன்னால் இருப்பவர், டயர் மாற்றக் கூடுதலாக ஒரு முறை நிற்காமல் (அதுதான் பிட் ஸ்டாப்) நேரத்தை மிச்சப்படுத்துகிறார். பிறகு எப்படித் தோற்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு 2019 ஹங்கேரி கிராண்ட் பிரியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

மொத்தம் 70 சுற்றுகள். தன் வாழ்வில் முதன்முறையாகப் போல் நிலையில், அதாவது வரிசையின் முதல் இடத்தில், தொடங்கிய ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் முன்னணியில். மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன் அவர் வாலைப் பிடித்தபடி பின்னால். இருவருமே ஒரு முறை நின்று, மெதுவாகத் தேயும் கடின டயருக்கு மாறியிருந்தார்கள். அந்த ஓட்டம் நடந்த ஹங்கரோரிங் தடத்தில் முந்துவது மிகக் கடினம். அதனால் மெர்சிடிஸ் அணி 48ஆவது சுற்றில் ஹாமில்டனை மீண்டும் உள்ளே அழைத்து, கடின டயரைவிட வேகமான மீடியம் டயர் மாட்டியது. டயர் மாற்றும் இடத்துக்கான பிட் பாதையில் மெதுவாகத்தான் செல்ல வேண்டும் என்பதால் அந்த ஒரு நிறுத்தத்தில் ஏறக்குறைய 20 வினாடி கரைந்தது. தேய்ந்த டயருக்கும் புதிய டயருக்கும் ஒரு சுற்றில் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். பலித்தது! 67ஆவது சுற்றில் ஹாமில்டன் முந்தினார்.

வெர்ஸ்டாப்பனும் அடுத்த சுற்றிலேயே நின்றிருக்கலாமே? பயனில்லை; இருவருக்கும் இடையே இடைவெளி அவ்வளவு குறைவு. புதிய டயரின் வேகத்தில் ஹாமில்டன் அதற்குள் முன்னால் போயிருப்பார். ஆகவே ரெட் புல் அணியின் மீது பழி போடுவது நியாயமல்ல என்பதே என் உறுதியான கருத்து. முந்தப்பட்ட பின் அவர்கள் மென்மையான டயருக்கு மாறி, ஓட்டத்தின் அதிவேகச் சுற்றை ஓட்டியதற்கான 1 புள்ளியையும் இரண்டாம் இடத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.