துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, எச்1பி வேலை விசாவில் டல்லாஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பக்கத்து பிளாக்கில் திருட்டு நடந்திருக்கிறது, மனைவி பகலெல்லாம் தனியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸில் துப்பாக்கி கைக்கு வரக் காத்திருக்க வேண்டிய வெயிட்டிங் பீரியட் கிடையாது, கடைக்குப் போன அன்றே துப்பாக்கியோடு வரலாம் என்று ஆபீஸ் நண்பர் சொன்னாராம். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே எந்த ஊரில் பள்ளிக்கூடம் நல்லது, கார் லீஸா லோனா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல இந்த ஊரில் ஆள் நிறைய. நான் துப்பாக்கிக்கு மட்டும் வருகிறேன்.

நண்பர் சொன்னது அமெரிக்கக் குடிமகனுக்குச் சரி, கிரீன் கார்டு இருப்பவருக்கும் சரி. உங்களுக்குச் சரியில்லை. எச்1பி, அவர்கள் குடும்பத்துக்கான எச்4, மாணவர்களுக்கான எஃப்1 எல்லாமே தற்காலிக விசா. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். விலை கொடுத்து வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. டீம் அவுட்டிங் என்று ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்களே, அதுவும் இதில் வரும். ஃப்ளோரிடாவில் படிக்க வந்த ஒரு வெளிநாட்டு மாணவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு விசாத் தகுதி போன பிறகு ரேஞ்சில் சுட்டதற்காகத்தான் வழக்கில் மாட்டினார். 2019-ல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் தகுதி போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நம் பிள்ளைகள் ரேஞ்சில் துப்பாக்கியோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அடுத்து உங்களிடம் வரப்போகிற யோசனையையும் சொல்லிவிடுகிறேன். "ஹண்டிங் லைசென்ஸ் ஒன்று எடுத்துவிடு, போதும்" என்பார்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது, உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் வேறு இருக்கிறது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. அதைவிட மோசமான யோசனை, குடியுரிமை உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கி உங்களிடம் தருவது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்றே, "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்பது. 2022-ல் வந்த சட்டப்படி இப்படி ஆள் மாற்றி வாங்குவதற்கு 15 ஆண்டு வரை சிறை. நமக்கு அதோடு முடியாது. துப்பாக்கிக் குற்றம் என்று தீர்ப்பானால் அதுவே நாடு கடத்தத் தனிக் காரணம். கிரீன் கார்டு இருந்தாலும் இதுதான் கதி. இப்படி யோசனை சொல்கிறவர்கள் யாரும் உங்களோடு கோர்ட்டுக்கு வரமாட்டார்கள். இருபது வருடம் முன்னால் வந்த நம்மவர்களில் சிலருக்குப் புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துவது ஒரு பொழுதுபோக்கு. பயமுறுத்திவிட்டு அரைகுறை வழியும் சொல்லிக் கொடுப்பார்கள்.

காத்திருப்பு, வாங்குபவரின் பழைய குற்றங்களைப் பார்க்கும் பின்னணிச் சோதனை எல்லாம் வீண் தொல்லை என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சட்டங்களுக்கு நம் டல்லாஸிலேயே வேர் இருக்கிறது. 1963-ல் அதிபர் கென்னடியை ஆஸ்வால்ட் இங்கேதான் சுட்டான், பொய்ப் பெயரில் தபாலில் வரவழைத்த ரைஃபிளால். தபாலில் விற்பதை நிறுத்தியது 1968-ம் ஆண்டுச் சட்டம். 1981-ல் அதிபர் ரேகனைச் சுட்டவன் டல்லாஸ் எல்ம் தெருவில் ஒரு அடகுக் கடையில் துப்பாக்கி வாங்கியவன். அன்று தலையில் குண்டடிபட்ட பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் பெயரில்தான் 1993-ல் பிரேடி சட்டம் வந்தது. முதலில் கைத்துப்பாக்கிக்கு 5 நாள் காத்திருப்பு இருந்தது. 1998 நவம்பரில் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை வந்ததும் அது போய்விட்டது. இன்று கலிஃபோர்னியாவில் 10 நாள், ஹவாயில் 14 நாள், இல்லினாயில் 72 மணி நேரம். டெக்சாஸில் ஒன்றும் இல்லை.

சோதனையிலும் ஓட்டை உண்டு. 3 வேலை நாளுக்குள் எஃப்.பி.ஐ. பதில் சொல்லாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி வந்தது அப்படித்தான். டெக்சாஸ் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸில் 2017-ல் நடந்த படுகொலையில், கொன்றவனின் பழைய தண்டனையை விமானப் படை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்கவே இல்லை. 2019-ல் டெக்சாஸின் மிட்லண்ட், ஒடெசா பக்கம் 7 பேரைக் கொன்றவன் 2014-லேயே சோதனையில் தோற்றவன். பிறகு தனியாள் ஒருவரிடம் வாங்கிக்கொண்டான், அங்கே சோதனையே கிடையாது. மூன்றில் இரண்டு நம் டெக்சாஸ். சோதனையால் பயனில்லை என்று இதைக் காட்டி வாதிடுகிறார்கள். எனக்குத் தெரிவது, ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதுதான்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்காரர், நல்ல மனிதர், துப்பாக்கியெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர். காத்திருப்பு பற்றி அவரோடு நிறைய வாதிட்டிருக்கிறேன். 2015-ல் நியூஜெர்சியில் பழைய காதலனுக்குப் பயந்து அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த ஒரு பெண், அனுமதி வருவதற்குள் அவன் கையாலேயே குத்துப்பட்டு இறந்தாள் என்பார். அதற்கு நான் பதில் தேடித்தான் சொல்ல வேண்டியிருந்தது. உயிருக்கு மிரட்டல் உள்ளவருக்குச் சீக்கிரம் கிடைக்க வழி வைக்கட்டும். ஆனால் 2021-ல் அட்லாண்டா பக்கம் 8 பேரைச் சுட்டுக் கொன்றவன் அன்றுதான் துப்பாக்கி வாங்கினான். இறந்ததில் 6 பேர் ஆசியப் பெண்கள். காத்திருப்பு உள்ள மாநிலங்களில் துப்பாக்கிக் கொலை சுமார் 17 சதவீதம் குறைகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது.

கொலையைவிட எனக்குக் கவலை இன்னொன்று. இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. நான் 1999-ல் எச்4-ல் டல்லாஸ் பக்கத்து இர்விங் வந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது. கணவர் வேலைக்குத் திங்கள் கிளம்பினால் வெள்ளிதான் வீடு. முதல் டிசம்பர் 31 நள்ளிரவில் வானத்தை நோக்கிப் படபடவென்று சுட்ட சத்தத்தில் குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஊருக்கு போன் செய்தால் கார்டில் காசு ஓடிக்கொண்டே இருக்கும், அழுகையை அடக்கிக்கொண்டு பேச வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் என் மனம் இருந்த நிலைக்கு அலமாரியில் துப்பாக்கி இருந்திருக்கக் கூடாது. இல்லாதது நல்லதாகப் போயிற்று. விசாவும் வேலையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட வீட்டில் லேஆஃப் வந்தால் என்ன ஆகும் என்று பிறகு எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன். கெட்ட நேரம் சில நாளில் தணிந்துவிடும். அந்தச் சில நாளைத்தான் காத்திருப்பு வாங்கிக் கொடுக்கிறது. யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 988 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம், எந்த நேரமும்.

அப்புறம் நான் கார் ஓட்டப் படித்தேன், நூலகத்தில் தன்னார்வ வேலைக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இட்லி கொடுத்து எல்லோரோடும் பழகினேன். இன்று எங்கள் தெருவில் யாராவது வெளியூர் போனால் சாவி என்னிடம்தான் இருக்கும். 2017-ல் கான்சஸ் ஒலேத்தாவில் இந்தியப் பொறியாளர் ஒருவரைச் சுட்டபோதும், 2023-ல் டல்லாஸ் பக்கத்து ஆலன் ஊர்க் கடைவளாகத்தில் துப்பாக்கிச் சூட்டில் 8 பேர் இறந்தபோதும் நம் ஆட்கள் பலர் துப்பாக்கி வாங்க ஓடினார்கள். அவர்களில் சிலர் வீட்டில் அது இப்போது மெத்தைக்கு அடியில் கிடக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிற அறையில். உங்கள் குழந்தை யார் வீட்டுக்கு விளையாடப் போனாலும், துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். இருட்டில் அட்ரஸ் தெரியாமல் கதவைத் தட்டாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெக்சாஸ் சட்டப்படி வாடகை வீட்டு வாசற்கதவில் உள்ளேயிருந்து மட்டும் போடும் சாவியில்லாத தாழும், வெளியே யார் என்று பார்க்கும் துளையும், ஜன்னலில் கொக்கியும் வீட்டுக்காரர் வைத்துத் தர வேண்டும். நீங்கள் குடி வந்த 7 நாளுக்குள் பழைய குடித்தனக்காரர் சாவி பொருந்தாதபடி பூட்டையும் மாற்றியிருக்க வேண்டும். பல லீசிங் ஆபீஸ்கள் கேட்டால்தான் செய்யும், வாயால் கேட்டால் மறந்துவிடும். எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.